மூன்றாவது சுண்டெலி

மருந்தியல் செய்முறை வகுப்பில் ஒருநாள் எங்கள் மேசைக்கு மூன்று சுண்டெலிகள் வந்தன. முதலாவதற்கு மார்ஃபின் மட்டும். இரண்டாவதற்கு மார்ஃபினும், அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு அந்த வேலையைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தும். மூன்றாவதற்கு நலோக்சோன் மட்டும். ஊசி போட்ட சிறிது நேரத்தில் முதல் இரண்டின் வாலும் விறைத்து எழுந்து, முதுகுக்கு மேலே பாம்பு நெளிவதைப் போல வளைந்து நின்றன. வாலின் அடியில் உள்ள ஒரு தசை இறுகுவதால் ஏற்படும் இந்த நிமிர்வை 1911இல் வால்ட்டர் ஸ்ட்ரௌப் என்ற ஜெர்மானிய மருந்தியலாளர் விவரித்தார். வேதிச் சோதனைகள் இன்றைய நுட்பத்தை எட்டாதிருந்த காலத்தில், ஒரு திரவத்தில் மார்ஃபின் கலந்திருக்கிறதா என்று அறியச் சுண்டெலியின் வாலையே கருவியாக வைத்துப் பார்த்தார்கள். நலோக்சோன் ஏறியதும் இரண்டாவதன் வால் மெல்லத் தணிந்து தரையைத் தொட்டது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் அனைவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது சுண்டெலி கூண்டின் மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. அதற்குரிய கட்டத்தில் “மாற்றம் இல்லை” என்று எழுதி ஏட்டை மூடினோம். அத்தகைய செய்முறைகள் இப்போது பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறிவிட்டன என்று கேள்விப்படும்போது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. ஆனால் அன்று எழுதிய அந்த இரண்டு சொற்கள் மட்டும் பல ஆண்டுகளாக என்னை விட்டு அகலவில்லை. மார்ஃபினும் அதைப் போல வேலை செய்பவையுமான ஓபியாய்டு மருந்துகள் விலங்குகளின் நடத்தையை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு மார்ஃபின் தந்த விடைகளைவிட, தனியாகக் கொடுத்தால் ஒன்றுமே செய்யாதது போல் தோன்றும் நலோக்சோன் போன்ற தடுப்பு மருந்து தந்த விடைகளே ஆழமானவை என்று நான் நம்பத் தொடங்கியது அந்த உறுத்தலினால்தான்.

மார்ஃபின் என்றதும் மனிதரையே அளவுகோலாகக் கொண்ட நம் மனம் மயக்கம், அமைதி, உறக்கம் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. அபினிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, முதலில் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த செர்ட்டூர்னர், கிரேக்கக் கனவுத் தெய்வத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். நாய் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத்தான் நடந்துகொள்ளும்: முதலில் வாந்தி எடுக்கும், மலம் கழிக்கும், நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும், பிறகு உடல்வெப்பம் குறைந்து சோர்ந்து படுத்துக்கொள்ளும். அதே மருந்தைப் பெரும் அளவில் பூனைக்குக் கொடுத்தால், அது கண்ணுக்குத் தெரியாத எதையோ துரத்துவதைப் போல் வெருண்டு ஓடும். இந்த வெறியைக் கண்டு அஞ்சியே நெடுங்காலம் பூனைகளுக்கு வலிநீக்கியாக மார்ஃபினைத் தர மருத்துவர்கள் தயங்கினார்கள். அளவைக் குறைத்துக் கொடுத்தால் அதே பூனை முன்னங்கால்களால் பிசைந்துகொண்டும் உடலைத் தேய்த்துக்கொண்டும் அமைதியாக இருக்கும் என்பது பின்னர்தான் பரவலாகத் தெரிந்தது. வலியில்லாத குதிரைக்குக் கொடுத்தால் அது கொட்டிலுக்குள்ளேயே ஓயாமல் நடக்கும். 1970களின் இறுதியில் ஆய்வாளர்கள் கொட்டிலருகே அமர்ந்து, குதிரை எத்தனை முறை காலெடுத்து வைக்கிறது என்று எண்ணியே பல ஓபியாய்டுகளின் வீரியத்தை ஒப்பிட்டார்கள். பந்தயக் குதிரைகளுக்குக் கள்ளத்தனமாக இம்மருந்துகள் கொடுக்கப்பட்டதற்குக் காரணமும் இந்த நடைதான். கண்ணின் பாவைகூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை: மனிதருக்கும் நாய்க்கும் சுருங்கும், பூனைக்கும் குதிரைக்கும் விரியும்.

எலிகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. பெரிய எலி முதலில் மெழுகுப் பொம்மை போல் விறைத்து, எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே இருக்கும். சில மணி நேரம் கழித்து அதுவே துறுதுறுவென்று திரியத் தொடங்கும். சுண்டெலிகளில் சி57 என்ற இனவழியைச் சேர்ந்தவை கூண்டின் சுவரையொட்டி வட்டமடித்து ஓடும், டிபிஏ இனவழிச் சுண்டெலிகளோ அந்த ஓட்டத்தை ஏறக்குறையக் காட்டுவதே இல்லை. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மண்ணுக்கடியில் வாழும் உரோமமற்ற வளை எலிகளுக்கு மார்ஃபின் வலியைத் தணிக்காமல் மூர்க்கத்தைக் கிளப்பியது என்று அறிவித்தது. எனவே மார்ஃபினின் நடத்தை விளைவு என்ன என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த விலங்கு, எவ்வளவு அளவு, எத்தனையாவது முறை, ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். ஆனாலும் இவ்வளவு முரண்பட்ட நடத்தைகளுக்கிடையே ஒரு பொதுத்தன்மை உண்டு. வால் நிமிர்வானாலும் குதிரையின் நடையானாலும் நாயின் சோர்வானாலும், நலோக்சோன் கொடுத்தால் நின்றுவிடுகிறது.

தடுப்பு மருந்தின் கதை தற்செயலாகத் தொடங்கியது. 1915இல் யூலியஸ் போல் என்பவர், கோடீன் மூலக்கூறின் நைட்ரஜனில் உள்ள, ஒரு கார்பன் கொண்ட மெத்தில் தொகுதியை எடுத்துவிட்டு மூன்று கார்பன் கொண்ட அல்லைல் தொகுதியைப் பொருத்திய ஒரு சேர்மம், மார்ஃபினால் மந்தமான மூச்சை மீட்பதைக் கவனித்தார். அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே மாற்றத்தை மார்ஃபினில் செய்த நாலார்ஃபின் 1940களில் வந்தது; அது தடுப்பானாக இருந்ததோடு தானே வலியைக் குறைக்கவும், மனிதருக்குக் கலக்கமூட்டும் எண்ணங்களை எழுப்பவும் செய்தது. 1960களின் தொடக்கத்தில் ஆக்சிமார்ஃபோன் என்ற மற்றோர் ஓபியாய்டில் அதே கைவேலையைச் செய்தபோது பிறந்ததுதான் நலோக்சோன். மார்ஃபின் வந்து அமர்ந்து வேலையைத் தொடங்கும் இடமான செல்லின் ஏற்பியில் இதுவும் போய் அமர்கிறது, ஆனால் அதை இயக்குவதில்லை. மார்ஃபினையும் உட்கார விடுவதில்லை. இரண்டு கார்பன் அணுக்கள் கூடியதற்கு இத்தனை விளைவு என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஏற்பிகளுக்குப் பெயர் வைத்த கதையிலும் நடத்தைக்குப் பெரிய பங்கு உண்டு. 1976இல் வில்லியம் மார்ட்டினும் அவருடைய குழுவினரும் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட நாய்களில் மூன்று மருந்துகளை ஒப்பிட்டு, மூன்று வெவ்வேறு நடத்தைத் தொகுப்புகளைக் கண்டார்கள். சுற்றுப்புறத்தைப் பற்றிய அக்கறையின்மையும் மந்தமான இதயத் துடிப்பும் சேர்ந்தது ஒன்று. இதயத் துடிப்பைப் பெரிதும் பாதிக்காத உறக்கநிலை இன்னொன்று. பாவை விரிந்து, மூச்சும் துடிப்பும் எகிறி, பித்துப் பிடித்தாற்போல் நடப்பது மூன்றாவது. மூன்று தொகுப்புகளுக்கு மூன்று ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று கொண்டு மியூ, கப்பா, சிக்மா என்று பெயரிட்டார்கள். முதல் இரண்டும் நிலைத்தன. சிக்மா வழியாக நிகழ்வனவற்றை நலோக்சோன் தடுக்கவில்லை என்று பின்னர் தெளிவானதும் அது ஓபியாய்டுக் குடும்பத்திலிருந்தே நீக்கப்பட்டது. குடும்பத்தில் யார் உண்டு, யார் இல்லை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் தடுப்பானின் கைக்கு வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

பழக்கத்துக்கு அடிமையான விலங்கிடம் நலோக்சோன் ஒன்றும் செய்யாத மருந்தாக இருப்பதில்லை. நாட்கணக்கில் மார்ஃபின் பெற்ற சுண்டெலிக்கு அதைக் கொடுத்தால் அது கண்ணாடிக் குடுவைக்குள் பந்து போல் துள்ளிக் குதிக்கும். எத்தனை குதிப்பு என்பதே அடிமைத்தனத்தின் அளவாக ஏட்டில் ஏறும். பெரிய எலி நனைந்த நாயைப் போல் உடலை உதறும், பற்களை நெறிக்கும், கழிச்சலால் எடை குறையும். இத்தனையும் உள்ளே ஏற்கெனவே இருந்தவை, மார்ஃபினின் திரைக்குப் பின்னால் மறைந்திருந்தவை. நலோக்சோன் திரையை விலக்குகிறது, அவ்வளவுதான். ஒரே ஒருமுறை மார்ஃபின் கொடுத்துச் சில மணி நேரத்துக்குள் நலோக்சோன் கொடுத்தாலும் இவற்றுள் சிலவற்றின் சாயல் தெரியும் என்பது எனக்கு மிகவும் கலக்கம் தந்த செய்திகளுள் ஒன்று. அடிமைத்தனம் மெல்ல மெல்லக் கட்டப்படுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, உடல் முதல் நாளிலேயே அதற்கான அடித்தளத்தைப் போட்டுவிடுகிறது.

1940இல் ஸ்ப்ராக் என்ற ஆய்வாளர் மார்ஃபினுக்குப் பழக்கப்படுத்திய சிம்பன்சிகள் முன் இரண்டு பெட்டிகளை வைத்தார்: ஒன்றில் பழம், மற்றொன்றில் ஊசிக் குழல். மருந்து வேண்டிய நேரம் வந்துவிட்ட சிம்பன்சி, பசியோடிருந்தாலும், ஊசிப் பெட்டியைத் தேர்ந்தது; மருந்து ஏறிய பிறகு பழப் பெட்டிக்குப் போனது. ஊசியால் குத்தப்படுவதை ஒரு விலங்கு தானாக விரும்பித் தேர்ந்தது என்பதை அன்றைய அறிவியல் உலகம் எளிதில் ஏற்றுக்கொண்டிருக்காது. 1962இல் வீக்ஸ் என்பவர் எலியின் இரத்தக் குழாயில் மெல்லிய குழலைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் மார்ஃபின் ஏறும்படி அமைத்த பிறகு, இந்தத் தேர்வை எண்ணிக்கையாகவே காட்ட முடிந்தது.

அடிமையான விலங்கின் நடத்தையில் இடத்துக்கும் ஒலிக்கும் இருக்கும் பங்கு, வேதியியலை மட்டும் படித்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு ஓர் அடி. 1967இல் கோல்ட்பெர்க்கும் ஷூஸ்டரும் மார்ஃபினுக்குப் பழகிய குரங்குகளுக்கு ஓர் ஒலியை எழுப்பி, உடனே நாலார்ஃபினைச் செலுத்தினார்கள். சில முறைகளுக்குப் பிறகு வெறும் உப்புநீரைச் செலுத்தி ஒலியை மட்டும் எழுப்பினாலே குரங்குகள் உணவுக்காக நெம்புகோலை அழுத்துவதை நிறுத்தின, எச்சில் வடித்தன, வாந்தி எடுத்தன. 1982இல் ஷெப்பர்ட் சீகலின் குழு எலிகளுக்குப் பல நாள் ஹெராயின் கொடுத்துப் பழக்கியபின் ஒரு பெரும் அளவைச் செலுத்தியது. முன்பின் ஹெராயினே காணாத எலிகளில் 96 விழுக்காடு இறந்தன. பழகிய எலிகளில், வழக்கமாக மருந்து பெற்ற அறையிலேயே ஊசி போடப்பட்டவற்றுள் இறந்தவை 32 விழுக்காடு. அதே அளவு மருந்தை வேறோர் அறையில் பெற்றவற்றுள் இறந்தவை 64 விழுக்காடு. மருந்து ஒன்று, அளவு ஒன்று, பழக்கமும் ஒன்று. அறை மட்டும்தான் வேறு. மருந்தைத் தாங்கும் திறனில் ஒரு பகுதியை உடல் இடத்தோடு சேர்த்துக் கற்று வைத்திருக்கிறது என்பதே இதற்கு அவர் தந்த விளக்கம்.

காட்டில் நடப்பது வேறொரு கதை. பெரிய விலங்குகளை மயக்கப் பயன்படும் எட்டார்ஃபின் என்ற ஓபியாய்டு மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது. பெரிய ஆண் யானையைச் சாய்க்க 20 மில்லிகிராமுக்கும் குறைவாகவே போதும். சாய்ந்த யானைக்குத் தடுப்பு மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தினால் ஓரிரு நிமிடங்களில் எழுந்து நடக்கும். வெள்ளைக் காண்டாமிருகம் இன்னும் சிக்கலானது. எட்டார்ஃபின் அதற்கு நடுக்கத்தையும் தசை விறைப்பையும் ஆபத்தான மூச்சுத் தணிவையும் தருகிறது. அதனால் மருத்துவர்கள் பாதி தடுக்கும், பாதி இயக்கும் குணமுள்ள பியூட்டார்ஃபனாலைக் கொடுத்து மூச்சை மீட்டு, ஆனால் முழுவதும் விழித்துவிடாமல் வைக்கிறார்கள். கண்கள் கட்டப்பட்ட காண்டாமிருகம் கயிற்றின் இழுப்புக்கு இணங்கித் தானே நடந்து பெட்டிக்குள் ஏறுகிறது. உறக்கமும் விழிப்பும் ஒரே ஏற்பியில் பங்குபோட்டுக்கொள்ளும் நடை அது. கார்ஃபென்டனில் போன்ற நீண்ட நேரம் தங்கும் மருந்துகளில் குறுகிய ஆயுள் கொண்ட நலோக்சோனை நம்ப முடியாது. எழுந்து போன விலங்கு சில மணி நேரம் கழித்து, யாரும் பார்க்காத இடத்தில் மீண்டும் மயங்கி, கொன்றுண்ணிகளுக்கு இரையாகக்கூடும். நெடுநேரம் தங்கும் நால்ட்ரெக்சோன் என்ற தடுப்பான் இதனாலேயே களத்தில் விரும்பப்படுகிறது.

இப்போது மூன்றாவது சுண்டெலிக்கு வருகிறேன். மார்ஃபினே பெறாத விலங்குக்குத் தடுப்பானைக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? 1973இல் மூளையில் ஓபியாய்டு ஏற்பிகள் இருப்பது உறுதியாயிற்று. 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் உடல் தானே சுரக்கும் எங்கெஃபலின்களைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வியின் பொருளே மாறிவிட்டது. உடலுக்குள் ஓபியாய்டு சுரக்கிறதென்றால், எந்த நேரத்தில் அதைத் தடுத்தால் நடத்தை மாறுகிறதோ அந்த நேரத்தில்தான் அது வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். அமைதியான கூண்டில் முகம் துடைக்கும் சுண்டெலியிடம் மாற்றம் தெரியாததற்குக் காரணம், மருந்து செயலற்றது என்பதன்று. அந்த நேரத்தில் எளிதாகக் கண்ணில் படும் அளவுக்குத் தடுக்க வேண்டியது எதுவும் நடக்கவில்லை என்பதே.

நடக்கும்போது பார்த்தவர்கள் வியந்தார்கள். நடுமூளையின் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டினால் எலி வலியை உணராதிருக்கும். 1976இல் அக்கில், மேயர், லீபெஸ்கைன்ட் மூவரும் அந்த உணர்விழப்பை நலோக்சோன் ஓரளவு நீக்குவதைக் காட்டினார்கள். 1982இல் மிட்செக்கின் குழு, வேறொரு சுண்டெலியின் கூண்டில் நுழைந்து கடிபட்டுத் தோற்றுப்போன சுண்டெலிக்கு வலியுணர்வு மழுங்கிவிடுகிறது என்றும், நலோக்சோன் அந்த மழுங்கலைத் தடுக்கிறது என்றும் கண்டது. தோற்றவனுக்கு உடல் உள்ளிருந்தே மருந்து கொடுக்கிறது. குதிரைகளை அடக்க மேலுதட்டில் கயிற்றைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அது வலியால் கவனத்தைத் திருப்புகிறது என்றே பலரும் எண்ணினார்கள். 1984இல் டச்சு ஆய்வாளர்கள், முறுக்கும்போது இரத்தத்தில் உடல் சுரக்கும் ஓபியாய்டான பீட்டா எண்டார்ஃபின் கூடுவதையும், நலோக்சோன் கொடுத்தபின் அந்த முறுக்கு குதிரையை முன்போல் அடக்காததையும் காட்டினார்கள். கொட்டிலில் அடைபட்ட குதிரை மரச்சட்டத்தைக் கவ்விக் காற்றை இழுக்கும் பழக்கமும், கட்டிப்போட்ட பெண்பன்றி சங்கிலியைக் கடித்துக்கொண்டே இருப்பது போன்ற ஓயாத செய்கைகளும் தடுப்பானால் குறைந்தன. சிறைப்பட்ட விலங்கு தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழி அது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது அவசரம் என்றே நினைக்கிறேன். தடுப்பான் பொதுவாகவே சுறுசுறுப்பைக் குறைத்திருக்கவும் கூடும்.

என்னை மிகவும் தொட்டவை தனிமையைப் பற்றிய ஆய்வுகள். 1978இல் யாக் பாங்க்செப்பும் உடனிருந்தவர்களும், தாயையும் கூடப்பிறந்தவற்றையும் பிரித்து வைத்த நாய்க்குட்டிகளின் அழுகையை, உறங்க வைக்கப் போதாத மிகச் சிறிய அளவு மார்ஃபின் தணிப்பதைக் கண்டார்கள். கினிப்பன்றிக் குட்டிகளிலும் கோழிக்குஞ்சுகளிலும் அப்படியே நடந்தது, நலோக்சோன் கதறலைக் கூட்டியது. சிறு அளவு மார்ஃபின் இளம் எலிகளின் கட்டிப்புரளும் விளையாட்டைக் கூட்டியது, நலோக்சோன் அதைக் குறைத்தது. டலபாயின் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும்போது மூளைத் தண்டுவட நீரில் பீட்டா எண்டார்ஃபின் கூடியது. நால்ட்ரெக்சோன் பெற்ற குரங்குகள் பேன் பார்ப்பதை இன்னும் அதிகமாக நாடின, கிடைக்க வேண்டியது கிடைக்காததைப் போல.

இந்த இடத்தில் ஒரு முரண் எழுகிறது. 2004இல் மியூ ஏற்பியே இல்லாமல் பிறந்த சுண்டெலிக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தபோது அவை இயல்பான குட்டிகளைவிடக் குறைவாகவே குரல் கொடுத்தன. குளிரைக் கண்டோ, முன்பின் அறியாத ஆண் சுண்டெலியின் வாடையைக் கண்டோ கத்துவதில் குறையில்லை. தடுத்தால் கதறல் கூடுகிறது, பிறவியிலேயே இல்லாவிட்டால் குறைகிறது. எனக்கு இது முரணாகத் தோன்றவில்லை. ஒருமுறை தாயின் அண்மையில் இன்பத்தை உணர்ந்த குட்டிக்கு அது பறிபோவதும், அந்த இன்பத்தையே ஒருநாளும் அறியாத குட்டிக்கு அது கிடைக்காமலிருப்பதும் ஒன்றாக முடியாது.

தடுப்பானை இப்படிச் சாட்சியாக நம்புவதிலும் எல்லை உண்டு. அளவைக் கூட்டினால் நலோக்சோன் மியூவோடு நிற்காமல் கப்பாவையும், டெல்டா என்ற இன்னோர் ஓபியாய்டு ஏற்பியையும் அடைக்கும். அப்போது மாறிய நடத்தைக்கு எந்த ஏற்பி பொறுப்பு என்று சொல்ல முடியாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஓடினால் எண்டார்ஃபின் சுரந்து மனம் இலேசாகிறது என்பது பலரும் மேடையில் பேசும் செய்தி. 2015இல் சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளில் சோதித்தபோது, ஓடியபின் அச்சம் குறைந்ததை ஓபியாய்டுத் தடுப்பான் மாற்றவில்லை, கஞ்சா வகை ஏற்பியைத் தடுத்த மருந்தே மாற்றியது. சாட்சி சொன்னது நாம் விரும்பிய பெயரை அன்று.

நலோக்சோன் ஒன்றும் செய்யாத மருந்து என்பதும் பொய். மார்ஃபினை ஒருநாளும் காணாத எலிக்கு ஓர் அறையில் நலோக்சோனும் மற்றோர் அறையில் உப்புநீரும் கொடுத்துப் பழக்கிவிட்டு, இரண்டுக்கும் இடையில் சுதந்திரமாக விட்டால், அது நலோக்சோன் அறையை ஒதுக்குகிறது. மியூ ஏற்பி இல்லாத சுண்டெலிகள் அப்படி ஒதுக்குவதில்லை. ஆகவே, ஒன்றும் நடக்காதது போல் தோன்றும் சாதாரண நேரத்திலும் அந்த ஏற்பியில் மெல்லிய ஏதோ ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்தினால் விலங்குக்குத் தெரிகிறது. 1974இலேயே ஹோல்ட்ஸ்மன், நலோக்சோன் பெற்ற எலிகள் குறைவாகத் தின்று குறைவாகக் குடிப்பதை எழுதிவிட்டார்.

நாங்கள் அந்த மூன்றாவது சுண்டெலியைக் கால் மணி நேரம் பார்த்தோம். வால் நிமிரவில்லை, ஓடவில்லை, குதிக்கவில்லை. அன்று மாலை அது எவ்வளவு தின்றது என்று எடை போடவில்லை. கூண்டுக்குத் திரும்பியபின் மற்றவற்றோடு ஒட்டிப் படுத்ததா, விலகிப் படுத்ததா என்று யாரும் பார்க்கவில்லை. எங்கள் மேசையை மறுநாள் காட்டியிருந்தால் அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.